ஒரே பள்ளத்தில் நாலு குழாய்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு கெட்ட பெயர் வந்து சேர்ந்தது. தலைக்கனம் பிடித்தவன் என்று.

தென்காசிக் கோபுர வாசல் காற்றைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சீசன் சமயத்தில் அங்கே நிற்கிறவன் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் சாமியை நினைக்க முடியும். நானும் அப்படியே வேட்டியைப் பிடித்தபடி ரத வீதிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"சங்கரலிங்கம்..."

நான் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். நடையை எட்டிப் போட்டேன். மூன்றாவது தடவையும் கூப்பிட்டார்கள். அப்போதும் திரும்பாமல், எதிரே வந்த ஜட்கா வண்டிக்காரன் முறைக்கிற அளவுக்கு வேகமாக நடந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒருவர் மூச்சு வாங்க ஓடி வந்து முன்னால் நின்றார். பார்த்தால், நம் ஹெட்மாஸ்டர். சின்ன வயதில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்.

"என்ன வேய், பத்திரிகையில எழுத ஆரம்பிச்சதும் காது அடைச்சுப் போச்சா? கூப்பிடுதேன், நீரு பாட்டுக்குப் போறீரு."

"கேட்டுது. அதான் திரும்பல" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காபி கிளப்பில் உட்கார வைத்தார். உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். காபி வந்தது. நானும் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவரிடம் சொன்னதை உங்களிடம் சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்குமா?

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். எழுத்து ஒரு நாள். மற்ற நாளெல்லாம் ஒயரிங் கான்ட்ராக்ட். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. மின்சாரத்தையும்தான் நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அது அடித்தால் தெரியும். மற்றது அடித்து யாரும் என்னிடம் வந்து காட்டியதில்லை. இந்த ஆனி மாதம் வரைக்கும் அப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தேன்.

குற்றாலத்தில் ஒரு பங்களா. ரோட்டிலிருந்து சரிவில் இறங்கிப் போக வேண்டும். அடியில் ஓடை. அதுவரை கம்பம் நட்டு மேலேதான் ஒயர் இழுத்திருந்தார்கள். குற்றாலத்துக் குரங்குகளுக்கு அது ஊஞ்சல். ஒரு குரங்கு ஆடும், பங்களா முழுக்க விளக்கு கண் சிமிட்டும். குரங்கு ஓய்ந்தால் மரக்கிளை முறிந்து விழும். வீட்டுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. போன வருஷம் என்னைக் கூப்பிட்டு, "எல்லாத்தையும் பூமிக்கு அடியில கொண்டு போயிரும்" என்றார்.

கொண்டு போனோம். ஒரே பள்ளம். அதில் நாலு இரும்புக் குழாய். ஒன்றில் பங்களாவின் விளக்கு லைன். இன்னொன்றில் ஓடைக்கரை மோட்டார் லைன். மூன்றாவது, பக்கத்து பங்களாவுக்கு. அந்த வீட்டுக்காரரும் குரங்குகளால் நொந்தவர். "நீங்க தோண்டுத பள்ளத்துலயே எனக்கும் ஒரு குழாய் போட்ருங்க" என்று சேர்ந்துகொண்டார். நாலாவது வெறும் குழாய். நாளைக்கு ஏதாவது வேண்டுமென்றால் மறுபடி தோண்டக்கூடாதே என்று, உள்ளே ஒயர் இல்லாமல் சும்மா போட்டு வைத்தது. நாலும் ஒரே கடையில் வாங்கிய ஒரே அளவுக் குழாய்கள். நல்ல ஏற்பாடு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சரிவில் பாதி வழியில் ஒரு நாவல் மரம் நிற்கிறது. அதன் கீழே முழங்கால் உயரத்தில் ஒரு கல். அது சாமிக்கல்லா, எல்லைக்கல்லா... யாருக்கும் தெரியாது. எண்ணெய் கிடையாது, சந்தனம் கிடையாது, பூ கிடையாது. ஆனால் அதன் மேல் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சுமை தூக்கி வருகிறவர்கள்கூட அதைத் தாண்டிப் போய்த்தான் இறக்கி வைப்பார்கள்.

பள்ளம் அந்தக் கல்லை ஒட்டி நேராகப் போக வேண்டும். கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடும் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால், பள்ளம் கல்லுக்கு முன்னால் வளைந்து, ஒதுங்கி, அதைத் தாண்டிய பிறகு கோட்டுக்கு வந்திருந்தது. தோண்டினவர்கள் இலத்தூர்க்காரர்கள். நல்ல வேலைக்காரர்கள்.

"யாரு இப்படி வளைச்சது?" என்று கேட்டேன். மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ஒருவர், "அங்கன பாறை, மொதலாளி" என்றார்.

கடப்பாரையை வாங்கிக் குத்திப் பார்த்தேன். பொதபொதவென்று இறங்கியது. அவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்த வளைவில் நாலு குழாயும் ஒன்றின் மேல் ஒன்று புரண்டு இடம் மாறிவிட்டன. அடையாளம் போட்டு மூடலாம் என்று பார்த்தால் சாரல் பிடித்துக்கொண்டது. பள்ளத்தில் தண்ணீர் நின்று கரை சரிய ஆரம்பித்ததும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டோம். மேல் முனையில் எது எது என்று தெரியும். கீழ் முனையிலும் தெரியும். நடுவில்தான் தெரியாது. நடுவில் யாருக்கு என்ன வேலை இருக்கப்போகிறது?

இந்த ஆனியில் வேலை வந்தது. நடுவில்தான்.

பங்களாவுக்கு வருகிற விருந்தாளிகள் பொழுது சாய்ந்தால் நாவல் மரத்தடியைத் தாண்டிப் போகப் பயப்படுகிறார்களாம். "அங்கன ஒரு விளக்குக் கம்பம் நட்டுரும்" என்றார் வீட்டுக்காரர். நியாயமான ஆசைதானே? அந்த வெறும் குழாயை மரத்தடியில் அறுத்து, மேலே மீட்டர் ரூமிலிருந்து அதன் வழியாக ஒயரைக் கொண்டு வந்து, கம்பத்தில் ஏற்ற வேண்டும். சின்ன வேலை.

வேலாயுதண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு போனேன். பட்டாளத்தில் இருந்தவர். பர்மாவில் குண்டு விழுந்த பள்ளத்துக்குள்ளேயே படுத்துத் தூங்கியவர் என்பார்கள். அவர் அதை மறுத்ததும் இல்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை. ஊர் திரும்பியதிலிருந்து என்னோடுதான் வேலை பார்க்கிறார். வரும் ஆவணியில் அவர் மூத்த மகளுக்குக் கல்யாணம். அன்றைக்குப் பஸ்ஸில் போகிற வழியெல்லாம் சமையலுக்கு யாரைச் சொல்லலாம் என்றுதான் பேசிக்கொண்டு வந்தார்.

மரத்தடியில் குழி எடுத்தோம். நாலு குழாயும் தெரிந்தன. சேறு பூசி, துருப் பிடித்து, நாலும் ஒரே மாதிரி.

எங்கள் பங்களாவின் இரண்டு லைனையும் மெயினில் அணைத்துவிட்டேன். ஆனால் பக்கத்து பங்களா லைன்? அவர் மீட்டர் ரூமைப் பூட்டிக்கொண்டு புனலூர் போயிருந்தார். டிரங்க் கால் போட்டால் கிடைக்கவில்லை. லைன்மேன், செங்கோட்டைப் பாதையில் மரம் விழுந்த இடத்துக்குப் போயிருந்தார். சாயங்காலம்தான் வருவாராம். வீட்டுக்காரரோ, சாயங்காலம் விருந்தாளி வருகிறார்கள், அதற்குள் விளக்கு எரிய வேண்டும் என்று நின்றார். பக்கத்து பங்களாக் கேட் விளக்கு பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. போகிற அவசரத்தில் அணைக்க மறந்துவிட்டார் போலும். அந்தக் குழாயில் உயிர் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? அதை அறுத்தால், ஈரச் சேற்றில் நிற்கிற மனிதன் அவ்வளவுதான்.

தட்டிப் பார்த்தால் வெறும் குழாய் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். காய்ந்த மண்ணில் தெரியும். சேற்றுக்குள் கிடக்கிற குழாய்கள் எல்லாம் ஒரே சத்தம்தான் போடும்.

இந்த மாதிரி சமயத்தில் எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. வெறும் குழாயின் வாய் மேலே மீட்டர் ரூமில் திறந்திருக்கும். ஒருவர் அதில் வாய் வைத்துக் கூப்பிடுவார். குழியில் இருப்பவர் ஒவ்வொரு குழாயிலும் காது வைத்துப் பார்ப்பார். எதில் குரல் வருகிறதோ அதுதான் வெறும் குழாய். ஸ்பேனரால் அதைத் தட்ட வேண்டும். தட்டுகிற சத்தம் மேலே அதே வாயில் கேட்கும். கேட்டதும் 'அறுங்க' என்று சொல்ல வேண்டும். எத்தனையோ தடவை செய்திருக்கிறோம். அண்ணாச்சி குழியில் இறங்கினார். நான் மேலே போனேன்.

நேரம் உச்சி. ஆனால் உச்சி என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மலையிலிருந்து மேகம் இறங்கி மரங்களுக்குள் நின்றது. சாரல் சத்தமில்லாமல் பெய்துகொண்டிருந்தது. மீட்டர் ரூம் வாசலிலிருந்து பார்த்தால் நாவல் மரம் தெரியவில்லை. பக்கத்துக் கேட் விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. முந்தின நாள் ஐந்தருவியில் அளவுக்கு மீறி நின்றதன் பலன்.

குழாயில் வாய் வைத்துக் கூப்பிட்டேன். "வேலாயுதண்ணாச்சி..."

குழாய்க்குள் போகிற குரல் நம்முடையதாகவே இருக்காது. கரகரவென்று போய் எங்கேயோ கரைந்தது. காதை வைத்துக் காத்திருந்தேன். தட்டுகிற சத்தம் இல்லை. உள்ளே தண்ணீர் சொட்டியது. அதற்குப் பின்னால் லேசாக ஒரு காற்று. யாரோ மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டது போல. வளைவில் காற்று சுற்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடியும் கூப்பிட்டேன். அதற்கும் பதில் இல்லை.

சரி, வளைவில் சேறு அடைத்துக்கொண்டுவிட்டது, குரல் போகவில்லை... இப்படித்தானே எவனும் நினைப்பான்? ரூமைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு கீழே இறங்கினேன். வழுக்குகிற பாதை. வேர்களைப் பிடித்துப் பிடித்துத்தான் இறங்க வேண்டியிருந்தது.

பாதி தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. கர்... கர்... கர்... இரும்பை அறுக்கிற சத்தம்.

நான் ஒன்றும் சொல்லவில்லையே, இவர் எதை அறுக்கிறார்? சத்தம் போடலாம் என்று வாயைத் திறந்தால் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. மீதிப் பாதையை எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முழங்கை சிராய்ப்பு இன்னும் ஆறவில்லை.

அண்ணாச்சி கணுக்கால் சேற்றில் வெறுங்காலோடு நின்று, நிதானமாக ஆக்ஸா பிளேடை இழுத்துக்கொண்டிருந்தார். பிளேடு குழாய்க்குள் நன்றாக இறங்கியிருந்தது.

"அண்ணாச்சி... நிறுத்துங்க. கைய எடுங்க."

நிறுத்தினார். "என்ன தம்பி, நீங்களே வந்துட்டிய?"

"எந்தக் குழாய அறுக்கிய?"

"இதான். நீங்க கூப்பிட்ட குழாய்."

"நான் கூப்பிட்டதுக்கு நீங்க தட்டவே இல்லியே?"

"தட்டினேனே. மூணாவது தடவ கூப்பிட்டிய பாருங்க, அதுக்குத் தட்டினேன்."

மூன்றாவது தடவையா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவரே சொன்னார். "மொத ரெண்டு தடவ அந்தா, அந்தக் குழாயில வந்துச்சு. கரகரன்னு... உங்க கொரலே இல்ல. இந்த நேரத்துல, இந்த எடத்துல, மண்ணுக்குள்ளருந்து பேரச் சொல்லிக் கூப்பிட்டா சட்டுன்னு ஏன்னு கேட்டுர முடியுமா? நான் அசையல. மூணாவது தடவ இதுல வந்துச்சு. நல்லாத் தெளிவா, உங்க கொரல். தட்டினேன். 'அதான் அண்ணாச்சி, அறுங்க'ன்னிய. பொறவுதான் பிளேடு வச்சேன்."

நம் பக்கத்தில் இதைத் தெரியாத வீடு உண்டா? ஆள் தெரியாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் வாய் திறக்கக்கூடாது. மூன்றாவது தடவைக்குத்தான் ஏன் என்று கேட்க வேண்டும். மனுஷன் மட்டும்தான் மூன்றாவது தடவை கூப்பிடுவான். மற்றதுகளுக்கு இரண்டோடு வாய் அடைத்துப்போகும். பட்டாளத்துக்குப் போய் வந்தவர் என்றால் மட்டும் இது மறந்துவிடுமா?

"அண்ணாச்சி" என்றேன். "நான் ரெண்டு தடவதான் கூப்பிட்டேன்."

அவர் குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மேல வேற யாராவது நிக்காவளா?"

மடியிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினேன்.

அவர் பிளேடைக் குழாயிலேயே விட்டுவிட்டு, கரையில் கை ஊன்றி மெதுவாக மேலே ஏறினார். இரண்டு பேரும் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். காதை வைத்துப் பார்த்திருக்கலாம். எனக்கும் தோன்றியது, அவருக்கும் தோன்றியிருக்கும். இரண்டு பேரும் குனியவில்லை.

சாயங்காலம் லைன்மேன் வந்து கம்பத்தில் ஃபியூஸைப் பிடுங்கினார். பக்கத்து பங்களாக் கேட் விளக்கு அணைந்தது. அதற்குப் பிறகுதான் அந்தக் குழாயைத் தொட்டோம். அறுத்த இடத்தைப் பிளந்து பார்த்தால்... பிளேடு இரும்பைத் தாண்டி, ஒயர் மேல் சுற்றியிருந்த நூல் உறையையும் தாண்டி, ரப்பரில் கோடு போட்டிருந்தது. அது பக்கத்து பங்களா லைன். அண்ணாச்சி அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். எழுந்து போய் மெயின் அருவியில் நின்றார். கூட்டம் அவரை இடித்துக்கொண்டு குளித்தது. அவர் நகரவே இல்லை. வெளியே வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. அருவித் தண்ணீரா, அழுதாரா என்று நான் கேட்கவில்லை. எனக்கே அழுகை முட்டிக்கொண்டுதான் இருந்தது. அவர் வீட்டுக்குப் போய் அந்தக் கல்யாணப் பெண்ணிடம் நான் என்ன சொல்லியிருப்பேன்?

நானும் யோசிக்காமல் இல்லை. வளைவில் எதிரொலி அடித்திருக்கலாம். இரண்டு குழாய் ஒட்டிக் கிடந்தால் ஒன்றின் சத்தம் இன்னொன்றில் ஏறலாம். எல்லாம் சரி. ஆனால் எதிரொலிக்குத் தொண்டை கட்டாமல் இருக்குமா? நான் சொல்லாத 'அறுங்க' அதற்கு எப்படித் தெரியும்? பக்கத்து பங்களாக் குழாயின் இரண்டு வாயையும், எறும்பு புகக்கூடாது என்று, போன வருஷம் தார் காய்ச்சி ஊற்றி அடைத்தவன் நான். போய்ப் பார்த்தேன். கீழ் முனையில் தார் அப்படியே இருந்தது. பூட்டிய ரூமில் இருக்கிற மேல் முனையை, வீட்டுக்காரர் புனலூரிலிருந்து திரும்பியதும் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். அதிலும் என் கட்டைவிரல் தடம் அப்படியே இருந்தது.

இதையெல்லாம்விட என்னை அரிக்கிற யோசனை வேறு. மூன்று தடவைக் கணக்கை நாம் காலங்காலமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறோம். வாசலில் உட்கார்ந்து, பொழுது சாய்கிற நேரத்தில், உரத்த குரலில். பிள்ளைகள் மட்டும்தான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்களா?

விளக்குக் கம்பத்தை நாவல் மரத்துக்கு நன்றாக மேலே, மீட்டர் ரூம் பக்கமாக நட்டுவிட்டேன். "ஏன் அங்கன நடல?" என்று வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டார்.

"அங்கன பாறை" என்றேன்.

போன வாரம் வேலாயுதண்ணாச்சி கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். வாசலில் வந்து நின்றவர் கூப்பிடவே இல்லை. வீட்டில் தற்செயலாக யாரோ எட்டிப் பார்க்கிற வரைக்கும் மஞ்சள் தடவிய பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு மழையில் நின்றிருக்கிறார். "கொரல் குடுத்திருக்கலாமே அண்ணாச்சி" என்றேன். "நீங்க திரும்பிப் பாத்திருக்க மாட்டிய" என்றார். உண்மைதான். இப்போதெல்லாம் நான் எத்தனையாவது தடவைக்கும் திரும்புவதில்லை. முன்னால் வந்து முகத்தைக் காட்டினால்தான் பேச்சு.

இவ்வளவையும் கேட்டு முடித்த ஹெட்மாஸ்டர், ஆறிப்போன காபியைக் குடித்தார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துகிறவர். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"அதான் சங்கதியா?" என்றார். "எனக்கு இப்பம்தான் வெளங்குது. நீரு ஏன் ஓடினீருன்னு."

"பின்ன என்ன வேய்? மூணு தடவ கூப்பிட்டா ஓடாம என்ன செய்வேன்?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மூணு தடவையா? நான் ஒரு தடவதான கூப்பிட்டேன். நீரு திரும்பலன்னதும் ஓடி வந்துட்டேன்."

சங்கரலிங்கம் என்ற பெயர் தென்காசியில் தெருவுக்கு நாலு பேருக்கு உண்டு. யாரோ யாரையோ கூப்பிட்டிருப்பார்கள்... இல்லையா?